எந்த மொழியில் நினைக்கிறோம்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வீட்டில் தமிழ், அலுவலகத்தில் நாள் முழுக்க ஆங்கிலம். நான் எந்த மொழியில் நினைக்கிறேன் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: உங்களையே கேட்டுப் பார்த்தால் சரியான விடை வராது. கேள்வியை எந்த மொழியில் கேட்கிறீர்களோ, அந்த மொழிதான் அடுத்த நொடி மனதில் ஓடும். நினைப்பை அது எதிர்பாராத நேரத்தில் பிடிக்க வேண்டும். அமெரிக்காவில் நெவாடா பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் ரஸ்ஸல் ஹர்ல்பர்ட் 1970களிலிருந்து இதற்கு, எதிர்பாராத நேரத்தில் 'பீப்' என்று ஒலிக்கும் ஒரு கருவியைப் பயன்படுத்திவந்தார். உங்களுக்குக் கைப்பேசி போதும்.

நாளுக்கு ஆறு அலாரம், உங்களுக்குத் தெரியாத நேரங்களில், வீட்டிலுள்ள யாரையாவது வைக்கச் சொல்லுங்கள். அடித்ததும், அடிப்பதற்குச் சற்று முன் மனதில் இருந்தது சொல்லா, காட்சியா, உணர்ச்சியா, சொல்லே இல்லாத வெறும் எண்ணமா என்று முதலில் குறியுங்கள். விவரத்தை அதற்குப் பிறகு எழுதுங்கள். இந்த வரிசை மாறினால் முடிவே கெட்டுவிடும்: காட்சியாக வந்ததை வாக்கியமாக எழுதிவிட்டு, சொல்லாகத்தான் வந்தது என்று நாமே நம்பிவிடுவோம். சொல்லாக வந்திருந்தால் எந்த மொழி, எந்தச் சொற்கள் என்று அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். முதல் நாள் பழக்கத்துக்கு மட்டும். அந்தக் குறிப்புகளைச் சேர்க்காதீர்கள். அடுத்த மூன்று நாளில் பதினெட்டுக் குறிப்பு கிடைக்கும்.

அதில் சொல்லாக வந்தவை குறைவாக இருந்தால் கவலைப்பட வேண்டாம். ஹர்ல்பர்ட் குழு 2008இல் கல்லூரி மாணவர்களிடம் பார்த்தபோது, உள்ளுக்குள் பேசிக்கொண்டிருந்தது ஏறக்குறைய கால்வாசித் தருணங்களில்தான். அதுவும் ஆளுக்கு ஆள் வெகுவாக மாறியது. ஆகவே நினைப்பில் பெரும்பகுதிக்குத் தமிழும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. மொழி வருகிற இடங்களை வேலைவாரியாகப் பாருங்கள். மாமியாரிடம் என்ன பதில் சொல்வது என்பது தமிழிலும், நாளைய மீட்டிங்கில் என்ன பேசுவது என்பது ஆங்கிலத்திலும் ஓடும். எதை எந்த மொழியில் பேசிப் பழகினோமோ, அதை அந்த மொழியிலேயே மனம் ஒத்திகை பார்க்கும்.

கேள்வி: மகன் ஆறாம் வகுப்பு, ஆங்கில வழி. வாய்ப்பாட்டை நான் தமிழில் சொல்லிக்கொடுத்தேன். வீட்டில் பட்டென்று சொல்கிறான், வகுப்பில் தடுமாறுகிறான். தமிழில் கற்றுக்கொடுத்தது தவறா?
– வாசகர், ஈரோடு

பதில்: தவறே இல்லை. ஆனால் வாய்ப்பாடு மற்றப் பாடம் மாதிரி அல்ல, ஒலியாகப் பதிகிற விஷயம். "ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு, மூவேழு இருபத்தொண்ணு" என்று நாக்கில் ஏறியது, கேட்ட மொழியிலேயேதான் சட்டென்று திரும்பி வரும். எலிசபெத் ஸ்பெல்கியும் சன்னா சிவ்கினும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், ரஷ்ய மொழியும் ஆங்கிலமும் தெரிந்த மாணவர்களுக்குப் புதிய கூட்டல்களை ஒரு மொழியில் பழக்கிவிட்டு இரு மொழியிலும் கேட்டார்கள். துல்லியமான விடை, பழகிய மொழியில்தான் வேகமாக வந்தது. தாய்மொழி எது என்பது இதை மாற்றவில்லை. தோராயமாகச் சொல்லச் சொன்னபோதோ இரு மொழிக்கும் வேறுபாடு இல்லை.

ஆசிரியர் "செவன் எய்ட்ஸ்?" என்றதும் உங்கள் மகன் அதைத் தமிழாக்கி, "ஏழெட்டு ஐம்பத்தாறு" என்று எடுத்து, மறுபடி ஆங்கிலமாக்குகிறான். சறுக்குவது பெரும்பாலும் இந்தக் கடைசிப் படியில். விடை தெரிந்தும் வாய் திறக்கத் தாமதமாகும். அதற்குள் கேள்வி அடுத்த பையனிடம் போய்விடும். இதைக் கணக்கு வராத பிள்ளை என்று முடிவு கட்டுவது பெரிய அநியாயம்.

தமிழ் வாய்ப்பாட்டை அழிக்க முயலாதீர்கள். முழு வாய்ப்பாட்டையும் ஆங்கிலத்தில் மறுபடி படிக்க வைக்கவும் வேண்டாம். 6 முதல் 9 வரையுள்ள எண்களை ஒன்றோடொன்று பெருக்கினால், திருப்பிப் போட்டு வருபவற்றைக் கழித்துவிட்டு, மிஞ்சுவது பத்தே பெருக்கல்: 6×6, 6×7, 6×8, 6×9, 7×7, 7×8, 7×9, 8×8, 8×9, 9×9. இந்தப் பத்தையும் தனித்தனி அட்டையில் எழுதி, தினமும் ஐந்து நிமிடம், கலைத்துப் போட்டு, நீங்கள் ஆங்கிலத்தில் வாய்விட்டுக் கேளுங்கள். அவனும் ஆங்கிலத்திலேயே வாய்விட்டுச் சொல்லட்டும். எழுதிப் பழகினால் இலக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு உள்ளே தமிழில் சொல்லிக்கொள்வான். வரிசையாகச் சொல்ல வைத்தாலோ, ஏழெட்டு கேட்டால் ஓரேழிலிருந்து ஏறி வருவான்.

பின்னம், விகிதம், வட்டி என்று புரிந்துகொள்ள வேண்டியவை வேறு வகை. அவற்றைத் தாராளமாகத் தமிழில் விளக்குங்கள். ஒரு முறை நன்றாகப் புரிந்தால் எந்த மொழிக்கும் அது கூடவே வரும்.

கேள்வி: தமிழ் வழியில் படித்த எனக்குக்கூட போன் நம்பர் மட்டும் ஆங்கிலத்தில்தான் மனதில் நிற்கிறது. ஏன்?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: பழக்கம் ஒரு காரணம், அசை இன்னொன்று. நாம் மனதுக்குள் சொல்லிச் சொல்லித் தக்கவைப்பது, சுமார் இரண்டு விநாடியில் சொல்லி முடிக்கக்கூடிய அளவுதான். ஆங்கில இலக்கங்களில் பெரும்பாலானவை ஓரசை. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு எல்லாம் ஈரசை. வெல்ஷ் (பிரிட்டனின் வேல்ஸ் பகுதி மொழி), ஆங்கிலம் இரண்டும் பேசுவோரிடம் 1980இல் இதையே பார்த்தார்கள்: வெல்ஷ் இலக்கங்களைச் சொல்ல அதிக நேரம் பிடித்தது, நினைவில் நின்ற எண்ணிக்கையும் குறைந்தது. ஐம்பது இலக்கங்களைக் கண்டபடி எழுதி, இரு மொழியிலும் வேகமாகப் படித்து ஸ்டாப்வாட்சில் பாருங்கள்.

கேள்வி: ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் "தமிழில் யோசிக்காதே, ஆங்கிலத்தில் யோசி" என்கிறார்கள். எப்படி?
– வாசகி, மதுரை

பதில்: தமிழை அணைத்து வைக்க மூளையில் சுவிட்ச் கிடையாது. கியோம் தியரி, யான் ஜிங் வூ இருவரும் 2007இல் பிரிட்டனில் செய்த ஆய்வில், ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த சீனர்கள் ஆங்கிலச் சொற்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தபோதே, அவற்றுக்கான சீனச் சொற்கள் அவர்களுக்கே தெரியாமல் விழித்துக்கொண்டதை மூளை மின்னலைகள் காட்டின. ஆகவே அந்த அறிவுரை நிறைவேற்ற முடியாதது; வராதபோது தன்னம்பிக்கைதான் போகும்.

தடுமாற்றம் உண்மையில் வருகிற இடம் வாக்கிய அமைப்பு. "மழை பெய்ததால் பஸ் கிடைக்காமல் லேட்டாக வந்தேன்" என்று தமிழில் முழுதாகக் கட்டிவிட்டால், வினை கடைசியில் நிற்கும். ஆங்கிலத்துக்கு அதை முன்னே கொண்டுவர வேண்டும். அதுவரை முழு வாக்கியத்தையும் மனதில் தாங்கிப் பிடிக்க வேண்டியிருப்பதால் பாதியில் நழுவுகிறது. மூன்று சின்ன வாக்கியமாக உடையுங்கள்: லேட்டாக வந்தேன், பஸ் இல்லை, மழை.

உங்கள் வேலையில் தினமும் வருகிற ஒரே ஒரு விஷயத்தை எடுத்து நான்கு நிமிடம் பேசுங்கள். அதையே மூன்று நிமிடத்தில், பிறகு இரண்டு நிமிடத்தில் பேசுங்கள். தலைப்பை ஒரு வாரத்துக்கு மாற்றாதீர்கள். நேரம் குறையக் குறைய மொழிபெயர்க்க இடமிருக்காது. சொற்றொடர்கள் கட்டுக்கட்டாகத் தாமே வரும். எழுதி வைத்து ஒப்பித்தால் இந்தப் பலன் கிடைக்காது.

கேள்வி: கவுன்சலிங்கில் ஆங்கிலத்தில் பேசும்போது யாருக்கோ நடந்ததைச் சொல்வது போலிருக்கிறது. தமிழில் நினைத்தாலே அழுகை வருகிறது.
– வாசகி, சென்னை

பதில்: இது பலருக்கும் நேர்வதுதான். பாஸ்டனில் உளவியலாளர் கேத்தரின் ஹாரிஸ் குழுவினர், பின்னாளில் ஆங்கிலம் கற்ற துருக்கியர்களின் விரல்நுனியில் தோலின் மின்கடத்தலை (பதற்றத்தில் இது கூடும்) அளந்தார்கள். சிறுவயதில் கேட்கும் திட்டுகளைத் துருக்கி மொழியில் கேட்டபோது உடல் கூடுதலாகப் பதறியது. குழந்தையிலேயே இரு மொழியும் பழகியவர்களுக்கு இந்த வேறுபாடு பெரிதாக இருப்பதில்லை. நினைவும் இப்படியே: நடந்தபோது பேசிய மொழியில் கேட்டால், அந்தக் காலத்து நிகழ்ச்சிகள் அதிகமாக மேலே வரும்.

ஆங்கிலம் தரும் தூரம் கெடுதல் அல்ல. தாங்க முடியாததை அதில் தொடங்கலாம். ஆனால் அதிலேயே முடித்துவிடாதீர்கள். அன்று அப்பாவோ கணவரோ சொன்ன சொற்களை அவர்கள் சொன்ன தமிழிலேயே, ஒரு சொல் மாறாமல் சொல்லுங்கள். உங்கள் ஆலோசகருக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் முதலில் தமிழில் சொல்லி, சற்று நிறுத்தி, பிறகு பொருள் சொல்லுங்கள். "நடுவில் மொழி மாறுவேன்" என்று அடுத்த அமர்வின் தொடக்கத்திலேயே தெரிவித்துவிடுங்கள். அதற்கு அவர் தயங்கினால், தமிழ் தெரிந்த ஒருவரைக் கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை.