ரேடியேட்டர் மூடி – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

விண்கல மெக்கானிக் பற்றிய உங்கள் கதையை வாசித்தேன். முப்பந்தல் காற்றாலைகளுக்குக் கீழே ஒரு ஒர்க்‌ஷாப், அங்கே கலங்களைப் பழுதுபார்க்கும் ஆசான், அவரிடம் கடன் சொல்லி வேலை வாங்கிப்போகும் பொடியன்கள். தொடக்கம் நன்றாகவே இருந்தது. போர் வந்தபிறகுதான் ஒட்டவில்லை. இருபது வயதுப் பையன் ஒருவன் எதிரிப் படையின் சட்டையோடு வருகிறான். அவன் கொண்டுவந்த கலம் ஆசானின் பழைய வாடிக்கையாளருடையது, பறித்தது. அது ஆசானுக்கும் தெரிகிறது. ஆனாலும் அதன் சூட்டை வெளியேற்றும் வெப்பத்தகட்டைச் சுத்தமாகச் சரிசெய்து அனுப்பிவைக்கிறார். எதிரியை இப்படி யாராவது நம்புவார்களா? என் அப்பா மார்த்தாண்டத்தில் இருபது வருடம் பைக் மெக்கானிக்காக இருந்தவர். அவருக்கு வாசித்துக் காட்டினேன். "கொள்ளாம், ஆனா இவன் மெக்கானிக் இல்ல, சாமியாரு" என்றார்.

இன்னொரு சந்தேகம். விண்வெளியில் கடுங்குளிர் என்கிறார்களே, அங்கே கலம் எப்படிச் சூடாகி நிற்கும்?

ஒரு வாசகி, தக்கலை

*

அன்புள்ள தக்கலை வாசகிக்கு,

சின்னக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். பிளாஸ்கில் ஊற்றிவைத்த கட்டன்சாயா சாயங்காலம் வரை ஆறாமல் இருப்பது, அதன் இரண்டு சுவருக்கும் நடுவிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்திருப்பதால். சூட்டைத் தொட்டு எடுத்துக்கொண்டு போக அங்கே ஆளில்லை. விண்கலம் அந்த பிளாஸ்குக்குள் இருக்கும் சாயா. கருவிகளின் சூடு, வெயிலின் சூடு, எல்லாம் கதிர்வீச்சாகத்தான் வெளியே போகவேண்டும். சர்வதேச விண்வெளி நிலையத்தில் உள்ளே ஓடும் தண்ணீர் சூட்டை வாங்கி வெளிக்குழாயில் ஓடும் அம்மோனியாவிடம் கொடுக்கிறது. அம்மோனியா அதை அகலமான தகடுகளுக்குக் கொண்டுபோகிறது. அந்தத் தகடுகளுக்கும் ரேடியேட்டர் என்றுதான் பெயர். 2013 மே மாதம் அந்த அம்மோனியா ஒழுகியபோது இரண்டு பேர் வெளியே இறங்கி, பம்ப் பெட்டியைக் கழற்றி வேறொன்று மாட்டிவிட்டு வந்தார்கள். ஐந்தரை மணிநேரம் ஆயிற்று. நம்மூர் ஒர்க்‌ஷாப் வேலைதான். என்ன, போல்ட் கைநழுவினால் குனிந்து தேட முடியாது.

எதிரியை நம்புவார்களா என்று தக்கலையில் இருந்துகொண்டு கேட்கிறீர்கள்! பக்கத்தில் புலியூர்க்குறிச்சி, உதயகிரிக் கோட்டை. 1741இல் குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுப் படைக்காரர் டிலனாய் அங்கேதான் அடங்கியிருக்கிறார். கல்லறையில் லத்தீனும் தமிழும் வெட்டியிருக்கிறார்கள். சண்டைக்கு வந்தவரிடமே தன் படையைப் பழக்கும் வேலையைக் கொடுத்தார் மார்த்தாண்ட வர்மா. ஆனால் அது ராஜாவின் கணக்கு. நம்பினது பொய்த்தால் பிடித்து உள்ளே போட ராஜாவிடம் ஆளுண்டு. மெக்கானிக்கிடம் இருப்பது டூல்ஸ் பெட்டி மட்டும்தான்.

உங்கள் அப்பா சொன்னதுதான் என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. அவருக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கதையில் வரும் ஆசான் என் மாமா. அம்மாவின் தம்பி, கருங்கல் பக்கம். குவைத்தில் ஷுவைக் பகுதியில் ஒரு கராஜில் வேலை பார்த்தார். மலையாளம் கலந்த தமிழும், தமிழ் கலந்த அரபியும் பேசுவார். கடன் எழுத ஒரு நீள நோட்டு வைத்திருந்தார், நம்மூர்ப் பலசரக்குக் கடையில் பற்று எழுதுவார்களே, அதுபோல. அரபிப் பெயர்கள் அவர் வாயில் நுழையாது. அதனால் நோட்டில் ஆள் பெயரே கிடையாது, காரும் ஆளின் அடையாளமும்தான். "செவப்பு மஸ்டா, அண்ணந்தம்பி, கிளட்ச், 31." "வெள்ள கிரசீடா, ரெண்டு பிள்ளக்காரன், பிரேக், 9." கடன் கேட்பவர்களில் பெரும்பாலும் இளவட்டங்கள். முதலாளி இதற்காகத் திட்டுவாராம்.

எப்படி நம்பிக் கொடுத்தீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

"பயலுவளுக்க மொகத்தப் பாத்தா ஒண்ணும் தெரியாது மக்கா. பிளக்கக் கழத்திப் பாத்தா தெரியும்."

எஞ்சினின் ஸ்பார்க் பிளக் முனை காப்பிப்பொடி நிறத்தில் இருந்தால் அவன் வண்டியை ஒழுங்காக வைத்திருக்கிறான், பணம் வரும். கரி அப்பியிருந்தால் பாதி முன்பணம். வெளுத்துக் கொப்பளித்திருந்தால் சூட்டிலேயே விரட்டுகிறவன், அவனுக்குக் கடன் கிடையாது. எட்டு வருடத்தில் இந்தச் சோசியம் நான்கைந்து தடவைதான் பொய்த்தது என்பார். எண்ணிக்கையில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு.

1990 ஆகஸ்ட் 2, வியாழக்கிழமை ஈராக் படை உள்ளே வந்தது. கோடை என்பதால் முதலாளி வெளிநாட்டில். சாவி மாமாவிடம். நாலைந்து நாள் கழித்து விடியும் முன்னால் மஸ்டா அண்ணன் தம்பி வந்து கதவைத் தட்டினார்கள். சவூதி எல்லைக்குப் போக வண்டி வேண்டும், கையில் பணமில்லை. மாமா ரேடியேட்டரை நிரப்பி, பெல்ட்டை இழுத்துப் பார்த்து, இரண்டு கேன் தண்ணீரும் வைத்து அனுப்பினார். 31 தினார் நோட்டில் அப்படியே கிடக்கிறது. அதைப் பற்றி அவர் வருத்தப்பட்டதே இல்லை. "சாரமில்ல, அவனுவ போய்ச் சேந்தா மதி" என்பதோடு சரி.

வருத்தம் அடுத்த வண்டியில்.

மாதக் கடைசியில் ஒருநாள் மத்தியானம் வெள்ளை கிரசீடா ஆவி பறக்க வந்து நின்றது. இறங்கியவன் ரெண்டு பிள்ளக்காரன் அல்ல. ஈராக் பட்டாளத்துப் பையன், மீசை சரியாக அரும்பவில்லை. பின்சீட்டில் ஒற்றைச் செருப்பு, நாலு வயதுப் பிள்ளையின் அளவு. மாமா எதுவும் கேட்கவில்லை. கேட்கவும் முடியாது. வழக்கம்போல பிளக்கைக் கழற்றினார். காப்பிப்பொடி நிறம். ஆனால் அது யாருடைய ஒழுங்கு? வண்டிக்காரனுடையது. கொண்டுவந்தவனைப் பற்றி பிளக்கில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. எட்டு வருடமாக நம்பிய சோசியம் அந்த இடத்தில் கைவிட்டது.

வாட்டர் பம்ப் போயிருந்தது. மாமா குனிந்து வேலையைத் தொடங்கினார். பையன் துப்பாக்கியைச் சுவரில் சாத்திவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். மாமா கையை நீட்டும் முன்பே பன்னிரண்டாம் நம்பர் ஸ்பானரை எடுத்துக் கொடுத்தான். அடுத்து பத்து. பிறகு, கேட்காமலே, கேஸ்கட் சுரண்ட பிளேடு. பட்டாளத்தில் பிடித்துப் போடும்வரை அவனும் ஒரு கராஜில்தான் இருந்தானாம். "சதீக்" என்று மாமாவைக் கூப்பிட்டான். நண்பன் என்று அர்த்தம். வளைகுடாவில் நம்மாட்களை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஆனால் இவன் கூப்பிட்டது வேறு மாதிரி இருந்தது என்றார் மாமா.

பம்பைச் சுத்தமாக மாட்டினார். கடைசியில் ரேடியேட்டர் மூடி.

இந்த மூடியைப் பற்றி உங்கள் அப்பாவுக்குச் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்குச் சொல்கிறேன். அடியில் ஒரு ஸ்பிரிங் உண்டு. அது அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் தண்ணீர் நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கிறது. ஸ்பிரிங் செத்த மூடி வெறும் தொப்பி. குவைத்தின் ஆகஸ்ட் வெயிலில், பாலைவனச் சாலையில், வண்டி சீக்கிரமே தண்ணீரைக் கக்கிவிட்டு நிற்கும். மாமா வண்டியின் நல்ல மூடியை அழுக்குத் துணியோடு சேர்த்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். பழைய சாமான் டப்பாவிலிருந்து ஸ்பிரிங் போன ஒன்றை எடுத்து வைத்தார்.

செப்டம்பரில் பாக்தாத் வழியாக அம்மான் போய், அங்கிருந்து ஏர் இந்தியாவில் பம்பாய் வந்தார். ஆகஸ்ட் 13 தொடங்கி ஏறக்குறைய இரண்டு மாதத்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான பேரை அப்படிக் கொண்டுவந்தார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவர். பம்பாயிலிருந்து ஜெயந்தி ஜனதா. குழித்துறையில் நானும் அம்மாவும் கூட்டிவரப் போனோம். பையில் இரண்டு சட்டை, அந்த நீள நோட்டு, ஒரு ரேடியேட்டர் மூடி. மூடி எதற்கு என்று அம்மா கேட்டதற்கு "நல்ல சாமானாக்கும்" என்றார். பல வருடம் அது அவர் வீட்டு ஜன்னல் படியில் கிடந்தது. மேலே 0.9 என்று அச்சு. எங்கள் பிள்ளைகள் அதை வைத்து வண்டி ஓட்டி விளையாடியிருக்கிறார்கள்.

இதை அவர் எனக்குச் சொன்னது இருபது வருடத்துக்கும் மேல் கழித்து. களியக்காவிளை பக்கம் என் கார் சூடாகி நின்றபோது போன் செய்தேன். "மூடியப் பாத்தியா?" என்றார். பிறகு சத்தமே இல்லை. லைன் போய்விட்டது என்று நினைத்தேன். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வரச்சொல்லித் திண்ணையில் வைத்துச் சொன்னார். செய்தது தப்பு என்று சொல்லவில்லை. அந்தச் சின்னச் செருப்பை நினைத்தால் சரி என்றும், ஸ்பானர் எடுத்துத் தந்த கையை நினைத்தால் வேறு மாதிரியும் தோன்றும் என்றார். அந்தப் பையன் வழியில் நின்றானா, தண்ணீர் கிடைத்ததா, போர் முடிந்து ஊர் சேர்ந்தானா, எதுவும் தெரியாது.

ஆகவே உங்கள் அப்பாவிடம் சொல்லுங்கள், உண்மையான ஆசான் சாமியார் இல்லை. கதையில் நான்தான் நல்ல தகட்டை மாட்டிவிட்டேன். மாமா இறந்து மூன்று மாதத்தில் எழுதியது அது. அவருக்காக ஒரு மூடியைத் திருப்பி மாட்டிவிடலாம் என்று தோன்றிவிட்டது. கதைக்கு அது நல்லதல்ல என்று நீங்கள் சொன்னபிறகு எனக்கும் தெரிகிறது. தொகுப்பில் சேர்க்கும்போது மாற்றுவேனா என்று இப்போது சொல்ல முடியவில்லை.

ஒன்றே ஒன்று அவரிடம் கேட்டுச் சொல்ல முடியுமா? மாமா சொன்னதில் எனக்கு விளங்காத இடம் இது. கிளம்பும்போது பையன் பானட்டைத் திறந்து எல்லாவற்றையும் ஒருதரம் பார்த்தானாம். மூடியைத் திருகிக் கையில் எடுத்தான், பெருவிரலால் ஸ்பிரிங்கை அமுக்கினான், மாமாவைப் பார்த்தான். பிறகு அதையே திரும்ப வைத்துத் திருகி, இரண்டு பாட்டில் தண்ணீர் மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். கேட்காமலே பன்னிரண்டாம் நம்பரை எடுத்துத் தருகிறவனுக்கு, செத்த ஸ்பிரிங் விரலில் தெரியாமல் இருக்குமா?