மாமியார் கைமாற்றும் அகப்பை: ஜப்பானிய வீடுகளுக்குள் முதியோர் படும் பாடு (கேள்வி பதில்)

ஜப்பானில் பதினோரு ஆண்டுகளாக வீடு தேடிப் போய் முதியோரைக் குளிப்பாட்டி, சோறூட்டி, படுக்கை மாற்றிவிடும் வேலையில் இருக்கிறேன். சென்ற வாரம் இங்குள்ள முதியோர் கொடுமை பற்றி இரண்டு வரி எழுதப்போக, கேள்விகள் குவிந்துவிட்டன. முடிந்தவரை பதில் சொல்கிறேன். நான் போய்வந்த வீடுகளின் அடையாளங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

சேலத்திலிருந்து ஒருவர்: அக்கா, பெரியவர்களைக் கொண்டாட விடுமுறையே விடுகிற நாடு அல்லவா ஜப்பான்? அங்கேயுமா இந்தக் கொடுமை?

விடுமுறை உண்மைதான். 1966 முதல் முதியோர் தினம் தேசிய விடுமுறை. இப்போது செப்டம்பர் மாதத்தின் மூன்றாவது திங்கட்கிழமை. நூறு வயதைத் தொட்டவர்களுக்கு அரசு 1963 முதல் வெள்ளிக் கிண்ணம் கொடுத்துவருகிறது. அந்த ஆண்டு நூறு வயதினர் நாடு முழுவதும் 153 பேர். இன்று தொண்ணூறாயிரத்துக்கும் மேல். கட்டுப்படியாகாமல் 2016 முதல் வெள்ளி முலாம் பூசிய கிண்ணமாக்கிவிட்டார்கள்.

2010 ஜூலையில் தோக்கியோவின் அதாச்சி வட்டத்தில், 111 வயது என்று பதிவிலிருந்த பெரியவரைத் தேடிப் போனபோது கட்டிலில் கிடைத்தது காய்ந்துபோன உடல். அவர் இறந்து முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. பென்ஷன் மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தது. பதறிப்போய் நாடு முழுவதும் குடும்பப் பதிவேடுகளைப் புரட்டியதில், நூறு வயது கடந்தும் இருப்பிடம் தெரியாதவர்கள் 2,34,000க்கும் மேல். பெரும்பாலும் போரில் மாண்டோ வெளிநாடு போயோ பெயர் நீக்கப்படாமல் விடுபட்டவர்கள்தான். ஆனால் "தாத்தா எப்படி இருக்கிறார்?" என்று அக்கம்பக்கத்தில் ஒருவரும் உள்ளே புகுந்து கேட்காத ஊர் இது என்பது அன்று எல்லோருக்கும் உறைத்தது.

வீட்டுக்குள் நடப்பதாக அதிகாரிகள் உறுதிசெய்த கொடுமைகள் 2006இல் ஏறத்தாழ 12,500; 2023 நிதியாண்டில் 17,100. புகார் சொல்லும் பழக்கமும் கூடியிருக்கிறது, ஆகவே இந்த ஏற்றத்தை மட்டும் வைத்து எதையும் முடிவு கட்டாதீர்கள்.

திருநெல்வேலியிலிருந்து: மருமகள்கள்தானே காரணம்? அங்கேயும் மாமியார் மருமகள் சண்டை உண்டாமே?

அப்படித்தான் நானும் நினைத்துக்கொண்டு வந்தேன். கணக்கு வேறு கதை சொல்கிறது. கொடுமை செய்தவர்களில் பத்துக்கு நான்கு பேர் மகன்கள். அடுத்து கணவர்கள், அடுத்து மகள்கள். மருமகளின் பங்கு இப்போது மிகச் சிறியது. ஆனால் அவளைப் புரிந்துகொள்ளாமல் மற்றவர்களைப் புரிந்துகொள்ள முடியாது.

ஜப்பானில் 'இயெ' என்றொரு ஏற்பாடு இருந்தது. வீடு, குலம், சொத்து, முன்னோர் வழிபாடு எல்லாம் சேர்ந்த ஒரே மூட்டை. 1898 சட்டப்படி அந்த மூட்டை முழுக்க மூத்த மகனுக்கு. பெற்றோரைக் கடைசிவரை பார்ப்பதும் அவன் கடமை. ஆனால் கைகள் அவனுடையவை அல்ல. மலம் துடைப்பதும் கஞ்சி ஊட்டுவதும் அவன் மனைவி. மருமகளைக் குறிக்கும் 'யோமே' என்ற எழுத்தையே பெண், வீடு என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்துத்தான் எழுதுகிறார்கள். அவள் புருஷனுக்கு வாழ்க்கைப்பட்டவள் என்பதைவிட அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள்.

சோற்றை அளந்து போடும் அகப்பை மாமியார் கையில் இருக்கும். யாருக்கு எவ்வளவு சோறு என்பது அவள் முடிவு. அவள் ஓய்ந்து ஒருநாள் அகப்பையை மருமகளிடம் கொடுப்பதற்கென்றே தனிப் பெயர் உண்டு, நம் வீடுகளில் சாவிக்கொத்து கைமாறுவதைப் போல. 'இலையுதிர் காலத்துக் கத்தரிக்காயை மருமகளுக்குக் கொடுக்காதே' என்று ஒரு பழமொழி. ருசி மிகுந்த காய் அவளுக்கு எதற்கு என்று ஒரு பொருள். உடம்புக்குக் குளிர்ச்சி, பிள்ளை பெறவேண்டியவளுக்கு ஆகாது என்று இன்னொரு பொருளும் சொல்வார்கள். நான் கேட்ட பாட்டிகளில் ஒருவர்கூட இரண்டாவதை நம்பவில்லை.

இப்படி முப்பது ஆண்டுகள் வாய்மூடி இருந்தவளிடம் அகப்பை வருகிறது. அதே நேரத்தில் மாமியார் படுக்கையில் விழுகிறாள். ஒரு வீட்டில் பார்த்தேன். மருமகள் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். மீனில் முள் எடுத்திருந்தது, கஞ்சி பதமான சூட்டில் இருந்தது, ஊறுகாய் பொடியாக நறுக்கியிருந்தது. ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் வைத்தவள் கிழவியின் முகத்தைப் பார்க்கவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. நான் அந்த வீட்டுக்குப் போன எட்டு மாதமும் அப்படியே. கிழவி ஒவ்வொரு வேளையும் அந்த முதுகைப் பார்த்து நன்றி சொல்வாள்.

'இயெ' ஏற்பாட்டை 1947இல் சட்டம் நீக்கிவிட்டது. பிள்ளைகளுக்குச் சம பங்கு என்றாகிவிட்டது. மருமகள் மட்டும் வாரிசுப் பட்டியலிலேயே இல்லை. வருடக்கணக்கில் உழைத்தவளுக்கு மாமனார் மாமியார் சொத்திலிருந்து ஈட்டுத்தொகை கேட்கும் உரிமை 2019 ஜூலையில்தான் வந்தது. அதற்கு முன் சில ஊர்களில் 'முன்மாதிரி மருமகள்' விருது கொடுத்துக்கொண்டிருந்தார்கள்! பங்குக்குப் பதில் பாராட்டுப் பத்திரம்.

புதுச்சேரியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை: பேசாமல் இருப்பதெல்லாம் கொடுமைக் கணக்கில் வருமா?

வரும் அம்மா. இங்குள்ள முதியோர் கொடுமைத் தடுப்புச் சட்டம் ஐந்து வகை சொல்கிறது: அடித்தல், கவனிக்காமல் விடுதல், மனத்தைப் புண்படுத்துதல், பாலியல் கொடுமை, பணத்தைப் பறித்தல். கண்டும் காணாததுபோல் இருப்பதற்கு இங்கே 'முஷி' என்பார்கள். கூட்டத்தோடு ஒட்டி வாழ்வதையே வாழ்க்கை என்று பழகியவர்களுக்கு அது சவுக்கடிதான். கையில் தழும்பு இருந்தால் காட்டலாம். முகம் திருப்பிக்கொண்டதை எந்த அதிகாரியிடம் காட்டுவது?

கோவையிலிருந்து: அடிபட்டவர்களே ஏன் வாய் திறப்பதில்லை?

மூன்று சொற்களைக் கற்றுக்கொள்ளுங்கள். 'மெய்வாக்கு': பிறருக்குத் தொந்தரவு. அதைக் கொடுக்கக் கூடாது என்று குழந்தையிலிருந்தே சொல்லி வளர்க்கிறார்கள். 'காமான்': பல்லைக் கடித்துப் பொறுப்பது. 'செகென்தேய்': இதற்கு அகராதி வேண்டாம், 'நாலு பேர் என்ன சொல்வார்கள்' என்பதேதான்.

ஓர் அம்மாவின் மணிக்கட்டில் நான்கு விரல் பதிந்த கருநீலம் இருந்தது. சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டே, "கதவில் இடித்துக்கொண்டேன்" என்றார். கதவுக்கு ஏது விரல்? நான் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் குரலைத் தாழ்த்தி, "அவனை இப்படி வளர்த்தது நான்தானே" என்றார். மகனுடைய குற்றத்தைச் சொன்னால் தன் வளர்ப்பின் குற்றம் வெளியே வரும். தானே ஒரு தொந்தரவு என்று நினைப்பவர் தொந்தரவு பற்றிப் புகார் சொல்லமாட்டார்.

சென்னையிலிருந்து: மகன்கள் எப்படி அக்கா? அம்மாவை வைத்துப் பார்ப்பவன் நல்ல மகன்தானே?

பலர் நல்ல மகன்கள்தான். அதுதான் எனக்கும் தொண்டையில் சிக்கியிருக்கிறது. கைகழுவியவனுக்கு அடிக்க அம்மா பக்கத்தில் இல்லை. 'பெற்றவளை நானே பார்ப்பேன்' என்று வேலையை விட்டு வந்தவன்தான் அந்த அறைக்குள் இருக்கிறான்.

1980இல் முதியோர் இருக்கும் வீடுகளில் பாதி, மூன்று தலைமுறை சேர்ந்த வீடுகள். இன்று பத்தில் ஒன்றுகூட இல்லை. மருமகள் வராத, அல்லது வந்து மறுத்த வீட்டில் மகனே அடுப்படியில் நிற்கிறான். ஐம்பது வயது வரை அலுவலகத்தில் இருந்தவன், பராமரிப்பையும் அலுவலகமாக நடத்துகிறான். குளியல் 10 மணி, நடைப்பயிற்சி 3 மணி. மறதி நோய் வந்த அம்மாவுக்கு அட்டவணை புரியாது. "முயற்சி செய், அம்மா!" என்பது கத்தலாகி, கத்தல் கையோங்கலாகிறது. அம்மாவின் நன்மைக்குத்தான் என்று கடைசிவரை நம்புவான். உதவி கேட்பது தோற்றதாகிவிடும் என்பதால் கேட்கமாட்டான். இன்னொரு வகை, வேலைக்கே போகாமல் பெற்றோர் பென்ஷனில் அறைக்குள் முடங்கிய மகன். எண்பது வயதுப் பெற்றோர், ஐம்பது வயதுப் பிள்ளை என்பதால் இதை '8050 பிரச்சினை' என்கிறார்கள்.

2006 பிப்ரவரியில் கியோத்தோவில் காட்சுரா ஆற்றங்கரையில் நடந்ததை இங்கே இன்றும் பேசுகிறார்கள். 54 வயது மகன், மறதி நோயுள்ள 86 வயது அம்மா. அம்மாவுக்காக வேலையை விட்டவர். அரசு உதவி கேட்டுப் போனபோது, வேலையிழந்தோர் படி வருகிறதே என்று மறுத்துவிட்டார்கள். பணம் தீர்ந்ததும் அம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்து ஊரைச் சுற்றிக் காட்டிவிட்டு, ஆற்றங்கரையில் அம்மாவைக் கொன்று தானும் சாக முயன்றார். நீதிமன்றம் இரண்டரை ஆண்டு தண்டனை விதித்து அதையும் நிறுத்திவைத்தது. பராமரிப்பு ஏற்பாடும் நலத்துறை நிர்வாகமும் கூடவே கேள்விக்குள்ளாகின்றன என்று நீதிபதி சொன்னார். கொலையைக் கொலை என்று சொல்லத்தான் வேண்டும். 'பாவம், நல்ல மகன்' என்று உருகுகிறவர்கள் அந்த அம்மாவை மறந்துவிடுகிறார்கள் என்று எனக்கு ஒரு கோபம் உண்டு.

சிங்கப்பூரிலிருந்து: பராமரிக்கும் குடும்பத்துக்கு அரசு மாதப் பணம் கொடுத்தால் தீருமே?

ஜெர்மனியில் கொடுக்கிறார்கள். ஜப்பான் 2000 ஏப்ரலில் பராமரிப்புக் காப்பீடு தொடங்கியபோது வேண்டுமென்றே கொடுக்கவில்லை. பணம் மகன் கைக்குப் போகும், வேலை மருமகள் தலையில் விழும் என்று பெண்கள் அமைப்புகள் எதிர்த்தன. அது சரி என்பது என் கட்சி. ஆகவே சேவையாகத்தான் கிடைக்கும்; நாற்பது வயதிலிருந்து சந்தா, பயன்படுத்தும்போது பெரும்பாலோருக்குச் செலவில் பத்தில் ஒரு பங்கு. ஆனால் சேவை வாசலுக்கு வரவேண்டுமே! எங்கள் வண்டியை அடுத்த தெருவில் நிறுத்திவிட்டு நடந்து வரச் சொன்ன வீடு உண்டு. அம்மாவைப் பார்க்க ஆள் வைத்திருக்கிறான் என்று அண்டைவீட்டார் பேசுவார்களாம்.

ஒசாக்காவில் பராமரிப்புப் பணியில் இருக்கும் தங்கை: நான் போகும் வீட்டில் சந்தேகமாக இருக்கிறது. யாரிடம் சொல்வது? சொன்னால் என் வேலை போகுமா?

முதலில் தேதி, காயத்தின் இடம், நிறம், அளவு, அவர் சொன்ன வார்த்தை, எல்லாவற்றையும் அன்றே எழுதிவை. மகனிடம் நேரில் கேட்காதே. நீ போனபின் அடி அம்மாவுக்கு விழும். உன் மேற்பார்வையாளரிடமும் அந்த வீட்டின் பராமரிப்புத் திட்டம் போடுபவரிடமும் சொல். அவர்கள் தயங்கினால் நீயே முதியோருக்கான வட்டார ஆதரவு மையத்திடமோ நகராட்சியிடமோ சொல்லலாம். உயிருக்கு ஆபத்து என்றால் சொல்லியே ஆகவேண்டும், உடனே. ரகசியம் காக்கும் கடமை இதற்குத் தடை இல்லை என்று சட்டமே சொல்கிறது. சொன்னது யார் என்று தெரியும்படி அவர்களும் வெளியிடக் கூடாது.

2006 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த இந்தச் சட்டத்தின் பெயரிலேயே 'பராமரிப்பவருக்கு ஆதரவு' என்ற சொற்கள் இருக்கின்றன. கொடுமை செய்த மகனுக்கென்று அதில் தனித் தண்டனை கிடையாது. அதிகாரி உள்ளே வந்து பார்ப்பதைத் தடுத்தால் அபராதம் உண்டு. இது போதாது என்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் 'உன் மகனை ஜெயிலில் போடுவோம்' என்றால் எந்த அம்மா வாய் திறப்பார்?

விருதுநகரிலிருந்து: கிழவியை மலையில் விட்டுவரும் வழக்கம் அங்கே இருந்ததாமே? முதியவரை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிச் சாகவிடும் எங்கள் பக்கத்துத் தலைக்கூத்தல் போலவா?

இல்லை. நாகானோவில் ஒபாசுத்தே என்று மலையும் ரயில் நிலையமும் உண்டு, கதையும் உண்டு. ஆனால் அது ஊர் வழக்கமாக நடந்ததற்கு வரலாற்றுச் சான்று இல்லை. உங்கள் பக்கத்து விஷயம் கதை இல்லை என்பது உங்களுக்கே தெரியும்.

நான் கண்ணால் கண்டது வேறு. நாரா அருகே இகாருகாவில் ஒரு கோயில். படுக்கையில் கிடக்காமல், பிறர் கையில் விழாமல், பொசுக்கென்று உயிர் போகவேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் இடம். உள்ளாடையைக் கொண்டுபோய் மந்திரித்து வாங்கி உடுத்திக்கொள்கிறார்கள். நான் பார்த்துக்கொள்ளும் எண்பத்தெட்டு வயதுப் பாட்டி, டிராயரின் அடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினார். மடிப்புக் கலையாத இரண்டு வெள்ளை உள்ளாடைகள். "ஒன்று எனக்கு," என்றார். இன்னொன்று யாருக்கு என்று கேட்டேன். அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மருமகள் பக்கம் கண்ணைக் காட்டினார். "அவளுக்கும் அறுபத்தைந்து ஆகிறது. அவளைப் பார்க்க யார் இருக்கிறார்கள்?"