படிகம் ஏன் மாவாகிறது? மஞ்சள், மிளகு கேள்வி பதில்

மஞ்சளின் நிறப்பொருள் குர்குமின், மிளகின் காரப்பொருள் பைப்பரின். இவற்றின் மூலக்கூறு அமைப்பை எக்ஸ்ரேயில் பார்க்கப் படிகம் வளர்ப்பவர்களின் கேள்விகள் இவை. பெயருக்குப் பதில் கேட்டவரின் சிங்கப்பூர் வட்டாரம்.

கிளமெண்டி: அக்கா, கடையில் வாங்கிய 95% குர்குமினை எத்தனாலில் கரைத்து மூடாமல் வைத்தேன். மாவுதான் இறங்கியது.

பதில்: அந்த 95% முழுவதும் குர்குமின் இல்லை. குர்குமினில் மெத்தாக்ஸி என்ற அணுத்தொகுதி இரண்டு உண்டு; அதில் ஒன்று குறைந்த மூலக்கூறும் இரண்டும் இல்லாத மூலக்கூறும் கலந்த கணக்கு அது. இந்த இரு கலப்புகளும் படிகத்தின் முகத்தில் ஒட்டி வளர்ச்சியைக் கெடுக்கும். சிலிக்கா ஜெல் நிரப்பிய குழாயில் (பத்தி) குளோரோஃபார்ம், மெத்தனால் விட்டுப் பிரியுங்கள். தூய்மை பார்க்கும் மெல்லடுக்குத் தகட்டில் ஒரே புள்ளி வந்த பிறகு தொடங்கினால் போதும்.

அடுத்தது நம் ஊர் ஈரம். எத்தனால் ஆவியாகும்போது குளிர்ந்து ஈரத்தை இழுக்கும். தண்ணீர் சேர்ந்தால் குர்குமின் ஒரேயடியாகக் கொட்டிவிடும். 20 மில்லிகிராமை 5 மில்லிலிட்டர் வெதுவெதுப்பான எத்தனாலில் கரைத்து, 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடியுங்கள். குப்பியை அலுமினியத் தாளால் மூடி இரண்டே ஊசித்துளை. சிலிக்கா ஜெல் போட்ட உலர்கலனில், இருட்டில், ஒரு வாரம். 0.2 மில்லிமீட்டர் படிகம் தாராளம். படிகம் வளர்ந்த கரைசலை (தாய்க்கரைசல்) விட்டு வெளியே எடுத்து வைக்காதீர்கள்.

ஈசூன்: மிளகிலிருந்து பைப்பரின் எடுப்பது எப்படி?

பதில்: 10 கிராம் பொடி, 100 மில்லிலிட்டர் எத்தனால், 2 மணி நேரம் மீள்கொதி (ஆவியைக் குளிர்வித்துத் திரும்ப விழவைத்துக் கொதிக்கவைப்பது). வடித்து வற்றவைத்து, எத்தனாலில் கரைத்த 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சேர்த்தால் பிசின் அடியில் தங்கும். ஹைட்ராக்சைடு சேர்த்தபின் கொதிக்கவிடாதீர்கள், பைப்பரினின் அமைடு பிணைப்பு (கார்பன்–நைட்ரஜன் இணைப்பு) உடைந்து பைப்பரிக் அமிலமாகிவிடும். தெளிவில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக, கலங்கியதும் நிறுத்தி, ஓர் இரவு. மஞ்சள் ஊசிகள், 130 பாகை செல்சியஸை ஒட்டி உருகும். தாய்க்கரைசலிலேயே இருக்கட்டும்.

ஜூரோங்: பைப்பரின் படிகத்தில் வலுவான ஹைட்ரஜன் பிணைப்பே தெரியவில்லையே?

பதில்: அதற்கு ஹைட்ரஜன் கொடுக்க ஆளில்லை. பைப்பரினின் அமைடு நைட்ரஜனில் ஹைட்ரஜனே கிடையாது. மெலிந்த கார்பன்–ஹைட்ரஜன்···ஆக்சிஜன் தொடர்புகளும் வாண்டர்வால்ஸ் விசையும்தான் தாங்குகின்றன.

தேக்கா: மஞ்சளை மிளகோடு சாப்பிட்டால் உடம்புக்கு…

பதில்: இது நாலாவது முறை. மருந்தாளரிடம் கேளுங்கள்.

பொங்கோல்: பாடப்புத்தகத்தில் குர்குமின் நடுவே இரண்டு கீட்டோன் போட்டிருக்கிறது. தப்பா?

பதில்: படிகத்தில் அது ஈனால், அதாவது ஒரு ஆக்சிஜன் ஹைட்ரஜனை ஏந்தி, மற்றதோடு பிணைந்து நிற்கும். இரண்டு ஆக்சிஜனுக்கும் நடுவே சுமார் 2.5 ஆங்ஸ்ட்ராம்தான் (ஒரு ஆங்ஸ்ட்ராம் மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு).

ஜூரோங்: ஒத்துக்கொள்ள மாட்டேன் அக்கா. எக்ஸ்ரேயில் கிடைத்த என் எலக்ட்ரான் வரைபடத்தில் ஹைட்ரஜன் நட்டநடுவில் நிற்கிறது. அப்போது ஈனால் எது, கீட்டோன் எது?

பதில்: ஹைட்ரஜனிடம் இருப்பது ஒரே எலக்ட்ரான், எக்ஸ்ரே அதை வைத்துச் சொல்லும் இடத்தை அப்படியே நம்பாதீர்கள். கார்பன்–ஆக்சிஜன் நீளங்களைப் பாருங்கள். ஒன்று 1.25 ஆங்ஸ்ட்ராம், மற்றது 1.33 என்றால் ஹைட்ரஜன் ஒரு பக்கம் உட்கார்ந்திருக்கிறது. இரண்டும் 1.29 பக்கம் என்றால் பங்கிட்டு நிற்கிறது, அல்லது இரண்டு இடத்திலும் பாதிப் பாதி. இந்த இரண்டையும் எக்ஸ்ரே மட்டும் வைத்துப் பிரிப்பது கடினம். ஹைட்ரஜனின் கருவையே காட்டும் நியூட்ரான் தரவு வேண்டும்.

ஜூரோங்: என்னுடையது 1.29, 1.30.

பதில்: அப்படியானால் நட்டநடுவில் என்று அடித்துச் சொல்ல உங்களிடம் ஆதாரமில்லை.

ஈசூன்: ஊசிகளை வடிதாளில் காயவைத்தேன், ஒரே விரிசல்.

பதில்: மேலே இரண்டு முறை எழுதிவிட்டேன். அடுத்த முறை கரைசலிலிருந்து நேராக எண்ணெய்ச் சொட்டுக்குள், அங்கிருந்து எக்ஸ்ரே கருவியின் 100 கெல்வின் குளிர் நைட்ரஜன் ஓட்டத்துக்கு.