முயல், ஹாம்ஸ்டர், லவ் பேர்ட்ஸ்: வீட்டுச் சின்ன உயிர்கள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: அக்கா, எங்கள் முயல் தன் புழுக்கையைத் தானே தின்கிறது. வீட்டில் எல்லோரும் முகம் சுளிக்கிறார்கள். வயிற்றில் பூச்சி இருக்குமா?

பதில்: பூச்சியெல்லாம் இல்லை. முயல் இரண்டு விதமாகப் போடும். நீங்கள் தினமும் பெருக்கி எடுப்பது உலர்ந்த உருண்டை. இன்னொன்று மெத்தென்று, பளபளப்பாக, குட்டித் திராட்சைக் கொத்து மாதிரி வரும். குருட்டுக்குடலில் நுண்ணுயிர்கள் புல்லை நொதிக்க வைத்து உண்டாக்கும் புரதமும் பி வைட்டமின்களும் அதில்தான் இருக்கின்றன. அதனால் கீழே விழவிடாமல் வாயாலேயே எடுத்துக்கொள்ளும். தின்றால் கவலை இல்லை, தின்னாமல் அது தரையில் நசுங்கிக் கிடந்தால்தான் கவலை. ஒன்று, உடம்பு பெருத்துக் குனிய முடியாமல் இருக்கும். இல்லையென்றால் பெல்லட் (கடையில் விற்கும் உருண்டைத் தீவனம்), பழம், கேரட் என்று இனிப்பும் மாவும் அதிகமாகப் போகிறது. கேரட்டை எப்போதாவது ஒரு துண்டு கொடுங்கள், போதும். வயிற்றை நிரப்ப வேண்டியது உலர்ந்த புல்.

கேள்வி: எங்கள் முயல் நேற்று இரவிலிருந்து எதையும் தொடவில்லை. மூலையில் குறுகி உட்கார்ந்திருக்கிறது. நாளைவரை பார்க்கலாமா?

பதில்: வேண்டாம், இதைப் படித்த கையோடு கிளம்புங்கள். நாய் ஒரு வேளை சாப்பிடாமல் இருந்தால் பொறுத்துப் பார்க்கலாம், முயல் விஷயம் வேறு. அதன் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் வாயு சேரும், வலிக்கும், வலியால் இன்னும் சாப்பிடாது. வாந்தி எடுக்கவும் அதனால் முடியாது. பன்னிரண்டு மணி நேரம் சாப்பிடாமலும் புழுக்கை போடாமலும் இருந்தால் அவசர நிலை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

முடிந்தால் முயல் பார்த்துப் பழகிய டாக்டரிடம் போங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையைப் பொடித்துக் கொடுத்துவிடாதீர்கள். பென்சிலின் வகை மருந்துகளை வாய்வழியாகக் கொடுத்தால் முயலுக்கும், எலி போன்ற வளர்ப்புப் பிராணிகளான கினி பன்றி, ஹாம்ஸ்டருக்கும் குடலில் உள்ள நல்ல பாக்டீரியா செத்து, உயிருக்கே ஆபத்தாகும். பல்லையும் பார்க்கச் சொல்லுங்கள், முன்பல் மட்டுமல்ல, கடைவாய்ப் பல்லையும்.

கேள்வி: அக்கா, மேலே முயல் பற்றிக் கேட்டவன்தான். போய் வந்துவிட்டோம். கடைவாய்ப் பல் முள் மாதிரி வளர்ந்து நாக்கைக் குத்தியிருந்ததாம். தேய்த்துவிட்டார்கள். இப்போது கொஞ்சம் புல் கடிக்கிறது. திரும்ப வருமா?

பதில்: நல்ல வேளை. வரலாம். முயலுக்குப் பல் ஆயுள் முழுக்க வளரும், நார் மிகுந்த புல்லை மென்று மென்றுதான் தேயும். நாளெல்லாம் புல் இருக்கட்டும், பெல்லட்டைக் குறையுங்கள். தாடை ஈரமாக இருந்தாலோ, ஆசையாக வந்து உணவை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போனாலோ பல்தான் காரணமாக இருக்கும்.

கேள்வி: என் ஹாம்ஸ்டர் ஜில்லென்று கிடக்கிறது. அசையவே இல்லை. அப்பா தோட்டத்தில் புதைக்கலாம் என்கிறார். எனக்கு அழுகையாக வருகிறது.

பதில்: தம்பி, புதைக்க வேண்டாம் என்று முதலில் அப்பாவிடம் சொல்லு! அறை ரொம்பக் குளிர்ந்தால் ஹாம்ஸ்டர் செத்தது போல உறங்கிவிடும். மூச்சு நிமிடத்துக்கு ஒன்றிரண்டுதான் வரும், சட்டென்று கண்ணுக்குத் தெரியாது. விலாப் பக்கத்தை நல்ல வெளிச்சத்தில் சில நிமிடம் விடாமல் பார். உடம்பு வளைந்து கொடுக்கிறதா, மீசை துடிக்கிறதா என்றும் பார். இரண்டு உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டு அறையை மெதுவாகச் சூடாக்கு. ஹேர் டிரையர் வேண்டாம். விழிக்கும்வரை வாயில் தண்ணீர் விடாதே, புரையேறும். சில சமயம் மணிக்கணக்கில் ஆகும். விழித்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள். அறை குளிராகவே இல்லை என்றால் இது உறக்கமாக இருக்காது, நோயாக இருக்கலாம். அப்போது காத்திருக்காமல் உடனே கொண்டு போங்கள்.

கேள்வி: லவ் பேர்ட்ஸ் ஜோடி வாங்கி ஒரு வருடம் ஆகிறது. கொஞ்சிக்கொள்கின்றன, ஊட்டிக்கொள்கின்றன. முட்டை மட்டும் இல்லை.

பதில்: நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கும் பட்ஜி கிளிதானே? அலகுக்கு மேலே மூக்குத் துளை இருக்கும் சதையைப் பாருங்கள். வளர்ந்த ஆணுக்கு நீலம், பெண்ணுக்குப் பழுப்பு. முழு வெள்ளை, முழு மஞ்சள் பறவைகளில் மட்டும் ஆணுக்கு இளஞ்சிவப்பாகவே இருக்கும். இரண்டுமே நீலமா? அப்படியானால் இரண்டு நண்பர்களை வாங்கியிருக்கிறீர்கள். சந்தோஷமாக இருக்கட்டும், விடுங்கள்.

கேள்வி: சமையலறையில் ஆள் நடமாட்டம் அதிகம், பறவைக்கும் பேச்சுத் துணை. கூண்டை அங்கே மாட்டலாமா?

பதில்: கூடவே கூடாது. நான்ஸ்டிக் பாத்திரம் அடுப்பில் காய்ந்துபோனால் வரும் புகை நமக்குத் தெரியக்கூட தெரியாது, பறவையைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். அதன் மூச்சு மண்டலம் அவ்வளவு வேகமாகக் காற்றை உறிஞ்சும். ரூம் ஸ்பிரே, வாசனை மெழுகுவர்த்தி பக்கமும் வேண்டாம்.

கேள்வி: கண்ணாடிக் குடுவையில் மூன்று கோல்டு ஃபிஷ். தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கிறது, இரண்டு நாளுக்கு ஒருமுறை முழுசாக மாற்றுகிறேன். ஒவ்வொன்றாகச் சாகின்றன.

பதில்: மீன் விடும் அம்மோனியா மீனுக்கே விஷம், ஆனால் அதற்கு நிறமில்லை. தெளிவாக இருப்பதாலேயே தண்ணீர் நல்லது என்று நினைக்க முடியாது. ஃபில்டரில் குடியேறும் பாக்டீரியாதான் அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். அது நிலைபெற ஒரு மாதத்துக்கு மேல் ஆகலாம். உங்கள் குடுவையில் ஃபில்டரே இல்லை போலிருக்கிறது. குடுவையை மறந்துவிட்டு, ஃபில்டரோடு பெரிய தொட்டி வையுங்கள். வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மாற்றினால் போதும், குழாய்த் தண்ணீர் என்றால் குளோரினை நீக்கிவிட்டு ஊற்றுங்கள். ஃபில்டர் பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள். கோல்டு ஃபிஷ் பத்து வருடத்துக்கு மேல் வாழக்கூடியது, குடுவையில் வைப்பதால்தான் அற்பாயுசு என்று பெயர் வாங்கிவிட்டது.

கேள்வி: கினி பன்றி திடீர் திடீரென்று அந்தரத்தில் துள்ளி உதறுகிறது. வலிப்பா?

பதில்: குஷி! குட்டிகள் இன்னும் அதிகமாகத் துள்ளும். துள்ளி முடித்ததும் பழையபடி ஓடுகிறதல்லவா? வலிப்பு என்றால் சாய்ந்து விழுந்து கால்களை உதறும். தனியாக வைத்திருந்தால் துணை சேருங்கள். சுவிட்சர்லாந்தில் 2008 முதல் கினி பன்றியைத் தனியாக வளர்ப்பதற்குச் சட்டமே தடை போட்டிருக்கிறது. அப்புறம், நம்மைப் போலவே அதற்கும் உடம்பில் வைட்டமின் சி உற்பத்தியாகாது. தினம் ஒரு துண்டு குடைமிளகாய் கொடுங்கள்.

கேள்வி: சின்ன உயிர்கள் நோயை மறைக்கும் என்கிறார்கள். முன்கூட்டியே எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: உண்மைதான். காட்டில் சோர்ந்து நின்றால் வேட்டையாடப்படும், அதனால் கடைசிவரை தெம்பாக இருப்பதாகக் காட்டிக்கொள்ளும். கண்ணை நம்பாதீர்கள், சமையலறைத் தராசை நம்புங்கள். வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில், கிராம் கணக்கில் எழுதி வையுங்கள். லவ் பேர்ட்ஸ் என்றால் மொத்தமே 30, 40 கிராம்தான். அதில் மூன்று நான்கு கிராம் குறைவது பத்தில் ஒரு பங்கு, டாக்டரைப் பார்க்க அதுவே போதும். தராசில் நிற்க மாட்டேன் என்றால் சின்ன டப்பாவுக்குள் விட்டு நிறுங்கள், டப்பாவின் எடையைக் கழிக்க மறக்காதீர்கள்.