சொம்புக்கு வெளியே எங்கிருந்து வந்தது தண்ணீர்?

வணக்கம் ஐயா,

குடியாத்தம் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். திண்மம், திரவம், வாயு மூன்றுக்கும் வரையறையைப் பிள்ளைகள் மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறார்கள். மணல் எதில் சேரும் என்று கேட்டால் பாதிப் பேர் திரவம் என்கிறார்கள். பனிக்கட்டி உருகுவது, தண்ணீர் கொதிப்பது எல்லாம் செய்து காட்டினேன், கைதட்டினார்கள். மறுநாள் கேட்டால் ஒன்றும் நிற்கவில்லை. எங்கே தப்பு செய்கிறேன்?

ம.

அன்புள்ள ம.,

மணலைத் திரவம் என்ற பிள்ளைகள்தான் வரையறையை யோசித்துப் பார்த்தவர்கள். ஊற்றினால் பாத்திரத்தின் உருவத்தை எடுத்துக்கொள்கிறதே! 2021 நவம்பர் வெள்ளம் மாதிரி சில நாட்களை விட்டுவிட்டால் நம் பக்கத்துப் பிள்ளைகள் பாலாற்றில் தண்ணீரைவிட மணலைத்தான் அதிகம் பார்த்திருப்பார்கள் (அந்த மணலும் எவ்வளவு மிச்சம் என்பது வேறு கதை). ஒரு கை மணலையும் ஒரு டம்ளர் தண்ணீரையும் தரையில் கொட்டச் சொல்லுங்கள். ஒன்று குவியும், ஒன்று ஓடும். அப்புறம் ஒரே ஒரு மணலை லென்ஸில் காட்டுங்கள், தட்டில் போட்டாலும் டப்பாவில் போட்டாலும் அது உருவம் மாறாது.

உங்கள் தப்பு என்று பார்த்தால் ஒன்றுதான். என்ன நடக்கும் என்று முதலில் அவர்களைச் சொல்லவைக்காமல் நேராகச் செய்து காட்டியிருக்கிறீர்கள், அது மோடி மஸ்தான் வித்தை பார்ப்பது மாதிரி ஆகிவிடும். நானும் இப்படி மாட்டியிருக்கிறேன். ஒரு பள்ளியில் கெட்டில் மூக்கைக் காட்டி ‘இதோ நீராவி’ என்றேன். ஒரு பெண், ‘சார், மூக்குக்கும் வெள்ளைக்கும் நடுவுல ஒண்ணுமே தெரியலையே?’ என்றாள். அவள் கேட்டது சரி. ஒன்றும் தெரியாத அந்த இடைவெளியில் இருப்பதுதான் நீராவி, வெள்ளையாகத் தெரிவது ஆவி குளிர்ந்து உண்டான நீர்த்துளிகள், அதாவது திரவம். இட்லிப் பானையிலும் இதே கதைதான். அன்று முழுக்க அவள்தான் வாத்தியார்.

நீங்கள் சொம்பிலிருந்து தொடங்குங்கள். எவர்சில்வர் சொம்பில் ஐஸ் தண்ணீர் ஊற்றி மூடி வைத்துவிட்டு, வெளியே வேர்க்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். ‘உள்ளேயிருந்து கசியுது’ என்பார்கள். மறுக்காதீர்கள். அதை எப்படிச் சோதிப்பது என்று அவர்களிடமே விடுங்கள், கொஞ்ச நேரத்தில் எவனாவது ‘உள்ளே கலர் போடலாம்’ என்பான். ரோஸ் மில்க் எசன்ஸ் போதும். வெளியே நிற்கும் துளி நிறமில்லாமல் இருப்பதைப் பார்த்து ஒரு சத்தம் வரும் பாருங்கள்! மளிகைக் கடை மின் தராசு கிடைத்தால் எடையும் போடுங்கள். கசிந்ததென்றால் மொத்த எடை ஏறக் கூடாது, ஆனால் ஏறும். காற்றிலிருந்த நீராவி வந்து ஒட்டியிருக்கிறதே!

சிரிஞ்சும் அப்படித்தான். ஊசி இல்லாத இரண்டில் ஒன்றில் காற்று, ஒன்றில் தண்ணீர், வாயை விரலால் அடைத்துவிட்டு எது அழுந்தும் என்று பந்தயம் கட்டவையுங்கள், அமுக்குவது அப்புறம். மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் உறைவதற்கு லேப் எதற்கு, 24 டிகிரிக்குக் கீழே போனாலே போதும்.

பதங்கமாதலுக்கு, அதாவது திண்மம் திரவமாகாமல் நேராக வாயுவாவதற்கு, கற்பூரம், கொளுத்த வேண்டாம். திறந்த தட்டில் விட்டால் ஈரமே இல்லாமல் நாளாக நாளாகச் சின்னதாகும். பாச்சை உருண்டை மட்டும் பிள்ளைகள் கையில் தராதீர்கள், விஷம். கற்பூர டப்பாவில் நாலு மிளகு போட்டால் கரையாது என்று எங்கள் பாட்டி சொல்வாள். ஒரே மாதிரி இரண்டு டப்பா, ஒன்றில் மிளகு, ஒன்றில் இல்லை, வாரா வாரம் எடை போடச் சொல்லுங்கள். யார் ஜெயித்தார்கள் என்று எனக்கு எழுதுங்கள், நான் பாட்டி பக்கம்.