அப்பா ஓ, அம்மா பி: வழி அடைபடேல்லை

தங்கச்சி, அப்பா யாழ்ப்பாணத்தில டயாலிசிஸ் செய்யிறார், அவரின்ர ரத்த வகை ஓ, அம்மாவின்ர பி, அதால அம்மாவின்ர சிறுநீரகம் அவருக்குப் பொருந்தாது, இனி வழியில்லை எண்டு எழுதியிருந்தியள். மனம் விடாதேங்கோ. ஓ வகைக்காரருக்கு வழமையா ஓ வகைச் சிறுநீரகந்தான் பொருந்தும், அது உண்மை. ஆனா குடுக்கிறவர் ரத்த உறவா இருக்கவேணுமெண்டு இல்லை. சித்தப்பா, மாமி, மச்சான் எண்டு ஆர் ஆர் ஓ எண்டு முதல்ல பாருங்கோ. 60 வயசு கடந்தவையை வயசுக்காக மட்டும் தள்ளாதேங்கோ, பரிசோதனை சொல்லட்டும்.

உயிரோட இருக்கிறவர் குடுக்கிற சிறுநீரகம் பொதுவா கூடக் காலம் வேலை செய்யும். அதுக்காக ஒருத்தரையும் நெருக்கக்கூடாது. மூளைச்சாவு அடைஞ்சவரின்ரயும் நல்ல வழிதான், காத்திருக்க வேணும். காசுக்கு எடுத்துத் தாறம் எண்டு ஆரும் வந்தால் கிட்டவும் போகாதேங்கோ, இலங்கையில 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டப்படி அது குற்றம். அடுத்த கிளினிக்குக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய், ரெண்டு வழியையும் டொக்டரிட்டக் கேளுங்கோ.