யாருடைய சூப்பர்மேன்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

2025 ஜூலையில் ஜேம்ஸ் கன் இயக்கிய சூப்பர்மேனும் ஃபென்டாஸ்டிக் ஃபோர் கதையின் புதிய வடிவமும் இரண்டு வார இடைவெளியில் வெளிவந்தன. அதன்பின் என்னிடம் வந்த கேள்விகளில் பாதி படத்தைப் பற்றியவை, மீதி குடும்பத்தைப் பற்றியவை. அப்பாவுக்குப் பிடித்தது மகளுக்குப் பிடிக்கவில்லை, அண்ணன் கொண்டாடியதைத் தம்பி வெறுக்கிறான் என்ற வகை. சூப்பர்ஹீரோ காமிக்ஸையும் படங்களையும் நெடுங்காலமாகத் தொடர்ந்து வருகிறவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

தம்பி, கல்லூரியில் படிக்கும்போது கிறிஸ்டோபர் ரீவ் நடித்த சூப்பர்மேனைப் பார்த்தேன். அதன்பிறகு வந்த எவரையும் சூப்பர்மேனாக மனம் ஏற்கவில்லை. இது வயதின் கோளாறா? (ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், சேலம்)

கோளாறு இல்லை ஐயா. வயதானவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைச் சொல்லச் சொன்னால், ஏறக்குறைய பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடையில் நடந்தவையே அதிகமாகவும் தெளிவாகவும் வருகின்றன என்பது உளவியலில் பலமுறை உறுதிசெய்யப்பட்ட செய்தி. அந்த வயதில் பார்த்த படம், அப்போது உடன் வந்த நண்பர்களோடும் அன்றைய உங்களோடும் சேர்ந்தே மனத்தில் பதிகிறது. பின்னால் வரும் நடிகர் ரீவோடு மட்டுமல்ல, உங்கள் இருபது வயதோடும் போட்டியிட வேண்டியிருக்கிறது.

ஆனால் எல்லாவற்றையும் வயதின் கணக்கில் எழுதிவிடுவதும் ரீவுக்குச் செய்யும் அநியாயம். 1978 படத்தில் சூப்பர்மேனின் காதலி லோயிஸின் வீட்டுக் காட்சியை மறுபடி பாருங்கள். அவள் அடுத்த அறைக்குப் போனதும், கிளார்க் என்ற பெயரில் சாதாரண மனிதராக வாழும் சூப்பர்மேன் கண்ணாடியைக் கழற்றுகிறார், முதுகு நிமிர்கிறது, குரல் ஆழமாகிறது. உண்மையைச் சொல்ல வாய் எடுத்தவர், மனம் மாறி, மறுபடி கூனிக்குறுகிக் கிளார்க் ஆகிவிடுகிறார். உடையை மாற்றாமல், எந்தத் தந்திரக்காட்சியும் இல்லாமல், ஓர் உடம்புக்குள் இரண்டு மனிதர்களைக் காட்டிய நடிப்பு அது. இருபது வயது மாணவர்களுக்கு இதைப் போட்டுக்காட்டியிருக்கிறேன். அவர்களும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

ஐயா, நான் பள்ளியில் படிக்கும்போது வந்தது 2013 படம். ஹென்றி கேவில்தான் எனக்குச் சூப்பர்மேன். அப்பாவோ "கொலை செய்கிறவன் சூப்பர்மேனே இல்லை" என்கிறார். யார் சொல்வது சரி? (பொறியாளர், 26, கோவை)

இந்தச் சண்டையில் நான் இரண்டு பக்கமும் நிற்பேன். காரணம் சொல்கிறேன்.

கிளார்க்கை வளர்த்த அப்பா ஜோனதன் கென்ட் என்ன ஆகிறார் என்பதை மட்டும் மூன்று படங்களிலும் பின்தொடர்ந்து பாருங்கள். 1978இல் அவர் மாரடைப்பால் சாய்கிறார். இவ்வளவு சக்தி இருந்தும் அவரைக் காப்பாற்ற முடியவில்லையே என்று மகன் கல்லறையருகே கலங்குகிறான். மரணத்துக்கு முன்னால் வலிமைக்கும் எல்லை உண்டு என்பது அந்தப் படத்தின் பாடம். 2013இல் சூறாவளி வருகிறது. மகனால் காப்பாற்ற முடியும், ஆனால் "வராதே" என்று அப்பாவே கைகாட்டித் தடுக்கிறார். உண்மை தெரிந்தால் உலகம் தன் பிள்ளையை என்ன செய்யுமோ என்ற பயம் அவருக்கு. 2025இல் அப்பா உயிரோடு இருக்கிறார். மனமுடைந்து வீட்டுக்கு வந்த மகனுக்கு ஆறுதல் சொல்கிறார்.

முதலாவது, வியட்நாம் போரும் வாட்டர்கேட் ஊழலும் முடிந்து, நம்பத் தகுந்த ஒருவரைத் தேடிக்கொண்டிருந்த அமெரிக்காவின் படம். இரண்டாவது, 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் வந்தது. இடிந்து விழும் கட்டடங்களும் சாம்பல் படிந்த தெருக்களும் அதன் கடைசி ஒரு மணி நேரத்தை நிறைக்கின்றன. அந்த வயதில் அதைப் பார்த்த உங்களுக்கு, அந்நியனாக அஞ்சப்படும் சூப்பர்மேன் உண்மையானவராகத் தெரிந்ததில் வியப்பில்லை.

உங்கள் அப்பாவிடம் ஒன்றை மட்டும் கேளுங்கள். 1980இல் வந்த இரண்டாம் பாகத்தில், சக்தி இழந்த வில்லன் ஜெனரல் சாடின் கையை நசுக்கித் தூக்கி எறிகிறார் ரீவ். சாட் பாதாளத்தில் மறைகிறான். திரையரங்கில் வெளியான வடிவத்தில் அதன்பிறகு அவனைக் காட்டவே இல்லை. அன்று அதைப் பெரிய குற்றமாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. 2013இல் அதே சாடின் கழுத்தை முறித்தபோது கேவில் மண்டியிட்டுக் கதறுகிறார். கொலையின் எடையை உணர்ந்தவர் யார்? இதில் உங்கள் அப்பாவின் நினைவு பழைய படத்துக்குச் சலுகை காட்டுகிறது. அதே நேரம், அந்த நகரத்தில் நொறுங்கிய கட்டடங்களுக்குள் இருந்தவர்களைப் பற்றி 2013 படம் போதிய அளவு கவலைப்படவில்லை என்று அவர் சொன்னால், அதற்கு உங்களிடம் பதில் இருக்காது. என்னிடமும் இல்லை.

அசல் சூப்பர்மேன் என்று ஒருவர் உண்டா? (தமிழாசிரியை, தஞ்சாவூர்)

உண்டு அம்மா, அவரை இன்று யாருக்கும் அடையாளம் தெரியாது. 1938இல் ஜெரி சீகலும் ஜோ ஷஸ்டரும் உருவாக்கிய முதல் கதையில் அவர் பறப்பதில்லை, தாவுகிறார். மனைவியை அடிக்கும் ஒருவனைத் தூக்கிச் சுவரில் எறிகிறார், அரசியல் தரகர் ஒருவரைத் தூக்கிக்கொண்டு தொலைபேசிக் கம்பிகளின் மீது ஓடி அலறவைக்கிறார். வானொலித் தொடரும் 1941இல் தொடங்கிய கார்ட்டூன் படங்களும் சேர்ந்துதான் அவரைப் பறக்கவைத்தன. அவரைப் பலவீனமாக்கும் கிரிப்டோனைட் கல் 1943இல் வானொலியிலிருந்து வந்தது. மார்பிலுள்ள எழுத்து குடும்பச் சின்னம் என்பதோ 1978 படத்தின் கற்பனை. அந்தப் படத்தை அசல் என்று காவல் காக்கிறவர்கள், தங்களுக்கு நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய அசலை மாற்றியமைத்த ஒரு ரீமேக்கைத்தான் காவல் காக்கிறார்கள்.

கன் படத்தில் சூப்பர்மேனைப் பெற்றவர்கள் விட்டுச்சென்ற செய்தியைப் பற்றி எழுந்த கோபத்துக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது. பூமியை ஆளச் சொல்லி அனுப்பினார்கள் என்று தெரிந்ததும், 1978 படத்தில் மார்லன் பிராண்டோ நடித்த கம்பீரமான தந்தையை மனத்தில் வைத்திருந்தவர்கள் துடித்துப்போனார்கள். அந்தத் தந்தையை அறியாத சிறுவர்களுக்கு அது கதையின் ஒரு திருப்பம் மட்டுமே.

சிவப்புக் கால்சட்டை ஏன் திரும்பி வந்தது? (கல்லூரி மாணவர், நாகர்கோவில்)

2011இல் காமிக்ஸிலும் 2013இல் திரையிலும் அதை நீக்கினார்கள், நவீனமாகத் தெரியட்டும் என்று. கன்னும் முதலில் தயங்கினார். கண்ணிலிருந்து நெருப்பு பாய்ச்சக்கூடிய ஒருவர், குழந்தைகள் தன்னைப் பார்த்து அஞ்சக்கூடாது என்றுதானே விரும்புவார் என்று நடிகர் டேவிட் கோரன்ஸ்வெட் வாதிட்டு அவர் மனத்தை மாற்றினார். பழைய உடை, ஆனால் அதற்குப் புதிய காரணம். எனக்கு மிகவும் பிடித்த முடிவு இது.

டோபி மக்வயர் நடித்த மூன்றாம் ஸ்பைடர்மேன் வந்தபோது எல்லோரும் திட்டினார்கள். இப்போது அதையே கொண்டாடுகிறார்கள். படம் மாறவில்லையே? (மென்பொருள் ஊழியர், பெங்களூரு)

பேசுகிறவர்கள் மாறியிருக்கிறார்கள். 2007இல் விமர்சனம் எழுதியவர்கள் பெரியவர்கள். வில்லன்கள் மூன்று பேர், கதையில் நெரிசல், தெருவில் அந்த நடனம் என்று குறைகளைச் சரியாகவே சொன்னார்கள். அதை எட்டு வயதில் பார்த்தவர்களுக்கு அன்று எழுத இடமில்லை. இன்று அவர்கள் இருபத்தைந்தைத் தாண்டிவிட்டார்கள். மக்வயருக்குப் பின் ஸ்பைடர்மேனாக நடித்த ஆண்ட்ரூ கார்ஃபீல்டுக்கும் இதேதான் நடந்தது. இன்று புறக்கணிக்கப்படும் ஒரு படத்துக்கு 2040இல் ரசிகர் கூட்டம் இருக்கும். இதை உறுதியாகச் சொல்கிறேன்.

கார்ஃபீல்டை ஏன் அவ்வளவு சீக்கிரம் கொண்டுவந்தார்கள்? 2007இல் முடித்துவிட்டு 2012இல் மறுபடி முதலிலிருந்தா? (ஈரோடு)

திரைப்பட உரிமைதான் காரணம். சோனி 1999இல் காமிக்ஸ் நிறுவனமான மார்வெலிடமிருந்து அதைப் பெற்றது. குறிப்பிட்ட காலத்துக்குள் அடுத்த படம் எடுக்காவிட்டால் உரிமை கைவிட்டுப் போகும். மக்வயர் படங்களை இயக்கிய சாம் ரெய்மியின் நான்காம் பாகம் 2010 தொடக்கத்தில் கைவிடப்பட்டதும் புதிய தொடக்கம் தவிர வேறு வழி தெரியவில்லை. ஸ்பைடர்மேனை வளர்த்த பெரியப்பா பென்னின் சாவைப் பத்தே ஆண்டுகளில் இரண்டாம் முறை காட்ட வேண்டியதாயிற்று. ஒரு தலைமுறை வளர்ந்து வருவதற்குள் வரும் ரீமேக்குக்குத் தனக்கென்று சிறுவர்கள் கிடைப்பதில்லை. அதே ரசிகர்கள்தான் மறுபடி வர வேண்டும். அடுத்து ஸ்பைடர்மேனாக வந்த டாம் ஹாலண்டின் படங்கள் அந்தச் சாவைக் காட்டாமலே தாண்டிப் போனது நல்ல முடிவு.

அண்ணா, நான் முதலில் பார்த்த ஸ்பைடர்மேன் தமிழில் பேசினார். அமெரிக்க ரசிகர்களின் பழைய சண்டைகள் எதுவும் எனக்குப் புரிவதில்லை. ஏதாவது தவறவிட்டேனா? (யாழ்ப்பாணம்)

தவறவிடவில்லை. 2002 படத்தில் வலை அவருடைய மணிக்கட்டிலிருந்தே வந்ததற்கு அமெரிக்காவில் பெரிய எதிர்ப்பு. 1962 முதல் காமிக்ஸில் வலைக் கருவி அந்தப் பையன் தன் அறிவால் செய்தது. அதை உடற்கூறாக மாற்றினால் அவனுடைய மூளையை அவமதிப்பதாகும் என்று வாதிட்டார்கள். எனக்கும் அந்த வாதம் நியாயமாகவே படுகிறது. ஆனால் நம்மில் பெரும்பாலோருக்கு டப் செய்யப்பட்ட அந்தப் படம்தான் முதல் சந்திப்பு. ஒப்பிட முந்தையது ஒன்றும் இல்லை. இங்கே லயன் காமிக்ஸில் 'ஸ்பைடர்' படித்து வளர்ந்தவர்கள் இருந்தார்கள், ஆனால் அவர் குற்றவாளியாகத் தொடங்கிய வேறொரு பிரிட்டிஷ் நாயகர். ஆகவே நமக்குக் குறையாகத் தெரியாதது அவர்களுக்குத் துரோகமாகத் தெரிந்தது.

நடிகர் தேர்வு அறிவித்த உடனே எதிர்ப்பு கிளம்புவது சமூக ஊடகத்தால் வந்த நோயா? (பத்திரிகையாளர், சென்னை)

இல்லை. மைக்கேல் கீட்டன் பேட்மேன் என்று 1988இல் தெரிந்தபோது வார்னர் நிறுவனத்துக்கு ஐம்பதாயிரம் கண்டனக் கடிதங்கள் வந்ததாகச் சொல்வார்கள், எல்லாம் தபாலில். அந்த எதிர்ப்புக்குக் காரணம் ஏக்கம் அல்ல என்பதைக் கவனியுங்கள். ஆடம் வெஸ்ட் நடித்த 1966 தொலைக்காட்சித் தொடர் பேட்மேனைக் கேலிக்குரியவராக்கிவிட்டது என்று காமிக்ஸ் வாசகர்கள் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தார்கள். 1986இல் ஃபிராங்க் மில்லரின் இருண்ட கதை வந்து அவர்களுக்குத் தலைநிமிர்வு தந்திருந்தது. அப்போது நகைச்சுவை நடிகர் ஒருவரை அறிவித்ததும், பழையது திரும்பிவிடுமோ என்ற அச்சம். முந்தைய தலைமுறையின் பேட்மேனிடமிருந்து தப்பிக்க விரும்பியவர்களின் கோபம் அது. ஹீத் லெட்ஜரை ஜோக்கர் என்று அறிவித்தபோதும் முணுமுணுத்தார்கள். 2009இல், அவர் இறந்த பிறகு, ஆஸ்கர் அவருக்குக் கிடைத்தது.

கறுப்பின நடிகர்களைப் போட்டால் "என் சிறுவயதைக் கெடுக்கிறார்கள்" என்கிறார்கள். இதுவும் ஏக்கம்தானா? (ஆய்வு மாணவி, புதுச்சேரி)

பெரும்பாலும் இல்லை. மார்வெல் கதைகளில் உளவு அமைப்பின் தலைவரான நிக் ஃப்யூரியை எடுத்துக்கொள்ளுங்கள். 1963 முதல் காமிக்ஸில் வெள்ளையர். 2002இல் ஒரு காமிக்ஸ் தொடர் அவரைச் சாமுவேல் எல். ஜாக்சனின் சாயலில் வரைந்தது. 2008இல் ஜாக்சனே நடித்தார். இன்று அவரைத் தவிர வேறொருவரை யாராலும் நினைக்கவே முடியவில்லை, ஏனென்றால் பெரும்பாலான ரசிகர்களுக்கு அதுவே முதல் அறிமுகம். உண்மையான ஏக்கம் படத்தைப் பார்த்த பிறகு, எதை இழந்தோம் என்று குறிப்பிட்டுச் சொல்லும். 2015 ஃபென்டாஸ்டிக் ஃபோரில் மைக்கேல் பி. ஜோர்டனை அறிவித்தபோது ஒரு காட்சியைக்கூடப் பார்க்காமல் கொதித்தவர்கள் தோலின் நிறத்தைத் தவிர வேறெதையும் சொல்லவில்லை. அதற்கு ஏக்கம் என்ற நல்ல பெயரைக் கொடுக்க நான் தயாராக இல்லை.

மூன்று ஸ்பைடர்மேன்கள் சேர்ந்த 2021 படத்தில் அழுதேன். 2023இல் கீட்டன் பேட்மேனாகத் திரும்பிய 'ஃப்ளாஷ்' படத்தில் ஒன்றும் தோன்றவில்லை. இரண்டும் பழைய நடிகர்களைக் காட்டியவைதானே? (இல்லத்தரசி, கோலாலம்பூர்)

நீங்கள் அழுத இடம் எது என்று என்னால் ஊகிக்க முடிகிறது அம்மா. கார்ஃபீல்டு குதித்து எம்ஜேயைப் பிடிக்கும் இடம்தானே? 2014இல் தன் காதலி க்வென் விழுந்தபோது அவரால் காப்பாற்ற முடியவில்லை. ஏழு ஆண்டுகள் கழித்து வேறொருவரின் காதலியைக் காப்பாற்றி, "நலமா" என்று கேட்கும்போது அவர் கண்தான் கலங்குகிறது. பழைய படத்தின் காயம் புதிய படத்தில் தொடர்கிறது. க்வென்னை அறியாத சிறுவனுக்கும் அந்த முகத்தில் ஏதோ இருக்கிறது என்று தெரியும்.

ஃப்ளாஷில் கீட்டனுக்காவது கொஞ்சம் வேலை இருந்தது. இறுதியில் கணினியால் உருவாக்கிய ரீவின் உருவம் தோன்றுகிறது; 2004இல் இறந்துபோனவர். அவர் பேசுவதில்லை, எதையும் காப்பாற்றுவதில்லை, நிற்கிறார். நம் நினைவைத் தொட்டுக் கைத்தட்டல் வாங்க ஒரு மனிதரின் முகத்தைப் பயன்படுத்தியது எனக்கு வருத்தத்தையும் கோபத்தையும் தந்தது. நீங்கள் எதையும் உணராமல் போனது நியாயம்தான்.

ஒன்பது வயதுப் பேரனுக்கு 1978 படத்தைக் காட்ட ஆசை. உட்கார மாட்டேன் என்கிறான். என்ன செய்யலாம்? (திருநெல்வேலி)

அந்தப் படத்தில் ரீவ் உடையணிந்து முதன்முதலாகத் தோன்றவே முக்கால் மணி நேரத்துக்கு மேலாகிறது. அன்றைய பார்வையாளர்கள் காத்திருந்தார்கள். அவன் காத்திருக்கக் கற்றுக்கொள்ளவில்லை, அவன் பிழையும் அல்ல. முதலில் அவனுக்குப் பிடித்ததை அவனோடு பாருங்கள். 2018இல் வந்த அனிமேஷன் ஸ்பைடர்மேனைச் சொல்வேன். மைல்ஸ் மொராலஸ் என்ற பையன் தன் அப்பாவுக்கும் அவருடைய சகோதரருக்கும் நடுவில் தவிப்பது உங்களையும் தொடும். வேறொரு நாள் 1978 படத்தின் ஹெலிகாப்டர் காட்சியை மட்டும் போடுங்கள். கட்டட உச்சியிலிருந்து லோயிஸ் விழுகிறாள், ஒரு கையில் அவளையும் மறுகையில் ஹெலிகாப்டரையும் தாங்குகிறார். "யார் தாத்தா இவர், முன்னால் என்ன நடந்தது?" என்று அவனே கேட்டால் படத்தைத் தொடக்கத்திலிருந்து ஓடவிடுங்கள். கேட்காவிட்டால் இன்னும் இரண்டு வருடம் பொறுங்கள். பார்க்கும்போது எந்தக் காட்சி வரப்போகிறது என்று முன்கூட்டிச் சொல்லாதீர்கள் ஐயா; அவனாகவே பார்க்கட்டும்.